நானாத்தான் அனுப்பினேன்

தமிழ்மதி இருமினால் பாப்பம்மாள் ஏதாவது ஒரு சத்தம் எழுப்புவாள். கையில் பாத்திரம் இருந்தால் அதைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைப்பாள். விளக்குமாறு இருந்தால் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்குவாள். ஒன்றும் இல்லையென்றால் கோழியை விரட்டுவாள். அந்த நேரத்தில் அங்கே கோழி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருமல் நிற்கிறவரைக்கும் சத்தம் இருக்கும், நின்றதும் அவளும் நிறுத்திவிடுவாள். பக்கத்து வீட்டில் இருப்பதால் பல வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். தான் இப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தமிழ்மதி அவளுடைய மூத்த மகள். இளையவள் ஸ்வேதா. எங்கள் ஊர் வடகவுஞ்சியைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. பழனியிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ், ஊருக்குப் பாதை பிரிகிற பிரிவில் இறக்கிவிட்டுப் போய்விடும். அப்புறம் நடைதான். பாப்பம்மாளின் புருஷன் செந்தில்வேல் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். திருவிழாவுக்கு வருவார். எதைக் கேட்டாலும், "பாப்பா என்ன சொல்றாளோ அதுதான்" என்பார். ஆகவே அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தது பாப்பம்மாள்தான். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நானும் அவளும் ஒரே தோட்டத்தில் காபிப்பழம் பறிக்கிறோம். நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். ஒருமுறை மேஸ்திரி அவள் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பாதி காயாக் கெடக்கு" என்று சத்தம் போட்டார். "என்ன மேஸ்திரி, இதே கூடை நேத்து மொதலாளி முன்னாடி பழுத்துல்ல இருந்துச்சு? உங்களப் பாத்ததும் பயந்து காயாயிருச்சோ?" என்றாள். மேஸ்திரியே சிரித்துவிட்டார். அப்படிப்பட்டவள்.

கன்னிவாடிப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வருவார். பெயர் சேனாதிபதி. கீழே ஒரு நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவர் வேலை. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார்கள் என்பார். தமிழ்மதி பத்தாவது எழுதின வருஷம் அவர் முதல்முறை வந்தபோது பாப்பம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எம் பிள்ளைய பஞ்சு திங்கவா பெத்துப் போட்டேன்? கெளம்புங்கய்யா, உலை கொதிக்குது. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

அடுத்த முறை வந்தபோது உட்காரச் சொன்னாள், ஆனால் முடியாது என்றாள். அதற்கடுத்து அவர் வரவில்லை. அவளே ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வருஷம் மழை முறை தவறிப் பெய்து காபிப்பூ உதிர்ந்துபோனது, தோட்டத்தில் வேலை குறைந்தது. மேலே படிக்கக் கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டும். பிரிவு வரைக்கும் போகிற பாதையில் காட்டுமாடு நிற்கிறது என்று பயந்தாள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி மில்லுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியிருந்தாள். எல்லாமே சின்னச் சின்னக் காரணங்கள். மாமியார் மிரட்டவில்லை, புருஷன் அடிக்கவில்லை, வீட்டில் சோறில்லாமல் போகவில்லை. வெள்ளனே எழுந்து பிள்ளைக்குத் தலை சீவி, டிரங்குப் பெட்டியைத் தானே தலையில் வைத்துப் பிரிவுவரை நடந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். யார் கேட்டாலும், "யாரும் சொல்லலை, நானாத்தான் அனுப்பினேன்" என்பாள். அப்போது அதை அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மூன்று வருஷம் முடிந்து தமிழ்மதி இருமலோடுதான் திரும்பி வந்தாள். முதல் சில மாதம் பனி என்றார்கள். பிறகு பனி போய் வெயில் வந்தது, இருமல் போகவில்லை. மேட்டில் ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். தொகை என்று வந்தது பாதிகூட இல்லை, அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

அந்தச் சமயம் ஒருநாள் நானும் பாப்பம்மாளும் களத்தில் காபிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தோம். நான் கேட்காமலே அவள் ஆரம்பித்தாள்.

"ஏ புள்ள, அன்னைக்கு பஸ்ஸு வந்தப்ப மதி எம் முந்தானையப் பிடிச்சுக்கிட்டா. விடவே மாட்டேன்னுட்டா. நாந்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு…"

அதோடு நிறுத்திக்கொண்டாள். முகம் பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது. கொட்டையைத் தள்ளுகிற பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போனவள் பொழுது சாய்கிறவரை என் பக்கம் வரவில்லை. அந்தப் பேச்சை அவள் இன்றுவரைக்கும் முடிக்கவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் நாலு பெண்கள் இருந்தார்கள். பாப்பம்மாள் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மில்லுக்குப் போயிட்டு வந்ததுலருந்துதான் எம் பொண்ணுக்கு நாலு பேருகிட்டப் பேசவே தெரியுது. இங்கனயே கெடந்திருந்தா என்ன ஆயிருப்பா? காபிப்பழத்தையும் என்னையும் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பா. மூணு வேளையும் சோறு, காத்தாடி, டிவி. நம்ம எங்க போயி அதெல்லாம் குடுக்குறது?"

பொய் சொல்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் பொய் சொல்கிறவர்கள் கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பார்கள், நம்பினார்களா என்று. அவள் யாரையும் பார்க்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதையும் பார்க்கவில்லை.

அதிலிருந்து நாளாக ஆக அவள் மில்லைப் புகழ்வது கூடியது. சேனாதிபதி வந்தால் அவள் வீட்டில்தான் டீ. பத்தாவது முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் அவளே போய்ப் பேசினாள். அவள் பேச்சை நம்பிப் போன பிள்ளைகள் உண்டு. கடை வைத்திருக்கும் கந்தம்மாள் என்னிடம் சொன்னாள்:

"தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறாடி அவ. இல்லேன்னா தன் பிள்ளை இருமிச் சாகுறப்ப ஊரான் பிள்ளைய அனுப்புவாளா? கல்நெஞ்சுக்காரி."

ஊரே அப்படித்தான் பேசியது. பேராசை என்றார்கள், நடிப்பு என்றார்கள், விவரம் பத்தாது என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு பொங்கலுக்கு முன்னால் சேனாதிபதி அவளுக்கு ஒரு சேலை கொண்டுவந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பையை அவர் மடியிலேயே எறிந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச நல்லதை நாலு பேருக்குச் சொல்றேன். அதுக்குக் கூலி குடுக்க வந்தீராக்கும்? எடுத்துட்டுப் போம்யா!"

அந்தச் சேலையை வாங்கிக்கொண்டிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சேலைக்காகத்தான் அப்படிப் பேசினேன் என்று என்றைக்காவது தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. தான் சொன்னதைத் தானே நம்புவதைத் தவிர வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை.

மில்லிலிருந்து உடம்பு கெட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு உதவி செய்கிற ஒரு அமைப்பிலிருந்து லீமா என்கிற பெண் கொடைக்கானலிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோக ஆரம்பித்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் எப்போதும் ஒரு பை, மழைக்கோட்டு. தமிழ்மதியை அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுக்க வைத்தாள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நானும் இன்னும் ரெண்டு பேரும் அங்கே இருந்தோம்.

"இங்க பாருங்கக்கா. டாக்டர் கிளியரா சொல்லிட்டாங்க. பஞ்சுத் தூசி உள்ள போயி லங்ஸ் டேமேஜ் ஆயிருக்கு. இதுக்கு மேல யாரையும் அனுப்பச் சொல்லிப் பேசாதீங்கக்கா, ப்ளீஸ்."

பாப்பம்மாள் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் கறுப்பால்ல கெடக்கு?"

"எக்ஸ்ரேன்னா அப்படித்தான்க்கா இருக்கும்."

"எங்க சின்னத்தாயி சித்தி மில்லு எந்தத் திசையில இருக்குன்னே தெரியாதவ. இருமி இருமியேதான் போயிச் சேந்தா. அவளுக்கு எந்தப் பஞ்சு போச்சு, தலகாணிப் பஞ்சா?"

எல்லாரும் சிரித்தோம். தமிழ்மதியும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பாப்பம்மாள் எழுந்து முக்காலியைத் தரையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லீமா மனம் தளரவில்லை. அடுத்த முறை ஒரு வீடியோ கொண்டுவந்தாள், அதற்கடுத்த முறை வேறு ஊர்ப் பெண் ஒருத்தியையே கூட்டிவந்து பேச வைத்தாள். ஒவ்வொரு முறையும் பாப்பம்மாள் இன்னும் இறுகினாள். படம் காட்டிய வாரத்தில்தான் அவள் மழையில் நனைந்துகொண்டு மேலத்தெருவுக்குப் போய் இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் மில்லைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள்.

ஒருநாள் பிரிவில் லீமாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் கொடைக்கானலுக்கு, நான் பழனிக்கு. நான் வழக்கமாக அவளிடம் பேசுவதில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க இந்த அக்கா இப்படி இருக்கு? மனநோயா?"

"சேச்சே, நோயெல்லாம் இல்லக்கா. சைக்காலஜில இதுக்கு ஒரு பேரு உண்டு. காக்னிடிவ் டிஸ்ஸனன்ஸ்னு சொல்லுவாங்க. தமிழ்ல மன முரண்பாடுன்னு வச்சுக்கலாம்."

"ரெட்டை வேஷம்னு ஊருல சொல்றாங்களே, அதுவா?"

"அதுதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்குறது. வேஷம் போடுறவங்களுக்கு உள்ள எதுவும் உறுத்தாதுக்கா. உறுத்துறவங்களுக்குத்தான் இது வரும். நான் நல்ல அம்மான்னு மனசுல ஒண்ணு இருக்கு. எம் பிள்ளைய நானே அனுப்பிக் கெடுத்துட்டேன்னு இன்னொண்ணு வருது. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டு ஒருத்தரால உக்கார முடியுமா? நெருப்பு மேல உக்காந்த மாதிரி இருக்கும். நடந்துபோனதை மாத்த முடியாது. அனுப்புனது அனுப்புனதுதான். அப்ப வேற எதையாச்சும் மாத்தித்தானே ஆகணும்? மில்லு நல்ல மில்லா ஆயிரும். இருமல் பனி இருமலா ஆயிரும்."

"தெரிஞ்சே செய்றாங்களா?"

"இல்லக்கா. தெரிஞ்சு செஞ்சா அது பொய். இது தன்னால நடக்குறது. எனக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும். படிச்சவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி, காரணம் கண்டுபிடிக்க நல்லாத் தெரியும்ல?"

"உண்மையை எடுத்துச் சொன்னா மாறிட மாட்டாங்களா?"

"நானும் அப்படி நெனச்சுத்தான் எக்ஸ்ரேயத் தூக்கிட்டு வந்தேன். அதைக் காட்டுனது அவங்களுக்கு உண்மையாத் தெரியல. நீ கெட்ட அம்மான்னு நான் சொன்ன மாதிரித்தான் இருந்திருக்கும்."

"அப்ப இதுக்கு என்னதான் மருந்து?"

"மருந்து இருந்தா மொதல்ல எங்க சர்ச் கமிட்டிக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்திருப்பேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மதி சொன்னாக் கேப்பாங்கன்னு நெனைக்கிறேன். பட்டவ அவதானே. பழி சொல்லாம, மெதுவா அவ சொன்னா ஒருவேளை."

பஸ்ஸில் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். என்னை யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள் என்கிற கூச்சத்தில் நானாக நின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், படித்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது நான் பொய் சொல்வதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன வருஷம் ஸ்வேதா பத்தாவது எழுதினாள். எங்கள் ஊரில் யாரும் வாங்காத மார்க். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்பாள், அக்காவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலோடு லீமா இடம் வாங்கிவிட்டாள். செலவும் அவர்கள் பொறுப்பு. ஸ்வேதா படிக்கப் போவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் சின்ன மகளையாவது காப்பாற்றிக்கொள்வாள், ஊரான் பிள்ளைதானே அவளுக்கு இளப்பம் என்று கந்தம்மாள்கூடச் சொன்னாள்.

சேனாதிபதி வந்தபோது பாப்பம்மாள் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"சின்னவள எப்பக் கூட்டிட்டுப் போறீரு?"

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "நல்ல மார்க்குன்னு சொன்னாங்களே தாயி, படிக்க வைக்கலியா?"

"ஏன், பெரியவ மட்டும் மார்க்கு வாங்கலியா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்வேதாவைப் படிக்க அனுப்பினால் தமிழ்மதியையும் படிக்க அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆகிவிடும். ஸ்வேதாவைக் காப்பாற்றினால் எதிலிருந்து காப்பாற்றினாள் என்ற கேள்வி வரும். மற்ற பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைதான் மில்லுக்குப் போயாக வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்து அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லீமா ஓடிவந்தாள். என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். தமிழ்மதி மேரக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்வேதா அழுது அழுது கண் வீங்கி நின்றாள்.

"அம்மா, அக்கா பட்டது போதாதா?" என்றாள்.

"அவ என்னடி பட்டா? என்ன பட்டா, சொல்லு! அவளே இங்கனதான இருக்கா. கேளு. மதி, நீயே சொல்லுடி உன் தங்கச்சிகிட்ட."

லீமா தமிழ்மதியையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுடைய ஒரு வார்த்தைக்காகத்தான் லீமா இத்தனை மாதம் காத்திருந்தாள். தமிழ்மதி கத்தியைத் துடைத்தாள். காயை ஓரமாக ஒதுக்கினாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

தங்கை பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மொத மாசம்தான் அழுகையா வரும். அப்புறம் பழகிரும். என் பெட்டுக்குப் பக்கத்துல ஒரு தேனிப் பொண்ணு, நாங்க ரெண்டு பேரும் சேந்தா ஒரே சிரிப்புதான். தீபாவளிக்கு ஒரே மாதிரி சுடிதார் எடுத்தோம். வாடன்கூடத் திட்டுவாங்களே ஒழிய நல்லவங்க. ரெண்டாவது வருஷம் லீவுக்கு வந்தப்ப யாரு என்னைப் போகச் சொன்னா? நானாத்தானே போனேன்? நல்லாயில்லேன்னா போயிருப்பேனா?" பேசப் பேச அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "போடி, ஒண்ணும் ஆகாது. நான் இருந்த ரூம்லயே உனக்கும் இடம் கேட்டு வாங்கித் தர்றேன்."

ஸ்வேதா தன் அக்காவைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியவில்லை. அழுகை நின்றுவிட்டது.

பாப்பம்மாள் ஜெயித்தவள் மாதிரி இல்லை. சுவரில் சாய்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். லீமா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு போய்விட்டாள். தமிழ்மதி சொன்னால் கேட்பார்கள் என்று நம்பியிருந்தவள், அம்மாவைப் போலவே மகளுக்கும் அந்த மூன்று வருஷத்தை எங்காவது நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அந்த வாரம் தோட்டத்தில் நான் பாப்பம்மாளிடம் பேசினேன். நானாக அவளிடம் அத்தனை நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. லீமா சொன்னதையெல்லாம் மனதில் வைத்து, அவளுக்கு ஒரு வழி விடுகிற மாதிரி பேச வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன்.

"அக்கா, மதியை நீ அனுப்புனதுல தப்பே இல்ல. அன்னைக்கு இருந்த நெலமைக்கு அது சரிதான். இப்ப ஸ்வேதாவுக்கு ஒரு வழி வந்திருக்கு, இன்னைக்கு இது சரி. ரெண்டும் சரிதானேக்கா?"

அவள் பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அன்னைக்கு அது சரி, இன்னைக்கு இது சரி" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நம்பிக்கை இருந்தது. மேலே எங்கோ மேஸ்திரி, "வெரசா, வெரசா" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

"அதெப்படிப் புள்ள" என்றாள் கடைசியில். "ஒரே வயித்துல பொறந்தவளுகதான ரெண்டு பேரும்? சின்னவ நர்ஸு சட்டை போட்டுக்கிட்டு முன்னாடி வந்து நிப்பா. பெரியவ வாசப்படி ஏற மாட்டாம உக்காந்திருப்பா. ஏம்மா என்னை மட்டும்னு ஒருநாள் அவ கேட்டான்னா நான் எங்க போயி முழிப்பேன்?"

மறுபடி பறிக்க ஆரம்பித்துவிட்டாள். பழமும் காயும் சேர்த்துப் பறித்தாள். அன்று அவள் கூடையைப் பற்றி மேஸ்திரி கத்தினபோது பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஸ்வேதா மில்லுக்குப் போனாள். அவளுக்காக வாங்கி வைத்திருந்த இடம் பூம்பாறைப் பிள்ளை ஒருத்திக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வந்திருந்தாள். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. வந்த நாளெல்லாம் தூங்கினாள். லீவு முடிந்ததும் போய்விட்டாள்.

லீமாவின் அமைப்பு எங்கள் பக்கத்து வேலையை நிறுத்திவிட்டது. அவள் இப்போது கொடைக்கானலில் ஒரு விடுதியில் வாடனாக இருக்கிறாள். தமிழ்மதிக்கு மாப்பிள்ளை எதுவும் அமையவில்லை, மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பாப்பம்மாளும் நானும் இன்னும் அதே தோட்டத்தில்தான் பறிக்கிறோம். ஸ்வேதாவோடு பத்தாவது முடித்த எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் மேலே படிக்கிறாள். மற்றவர்கள் மில்லில் இருக்கிறார்கள். ஸ்வேதாவுக்கு மூன்று வருஷம் முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.